அழகேசன் தூணாக நின்ற மழைக்காலம்

கீழ்த்தளத்துத் தூண் விட்டுப்போன அன்றைக்கு, பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள ஸ்கூல் வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், சந்திரோதயம் பிளாட்ஸ் மொத்தமும் ஒரு குலுக்கு குலுங்கி, மாடிப்படியோரம் சிமெண்ட் கொட்டி, மூன்று மாடியிலும் பாத்திரங்கள் உருண்டு, அவ்வளவுதான் நம் கதை முடிந்தது என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டபோது, அண்டவெளி அழகேசன் வந்து உடைந்த தூண் இருந்த இடத்தில் இரண்டு கையையும் தூக்கி உத்தரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றான். கட்டிடம் நின்றது. கண்ணைத் திறந்தோம். வேன் டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்து, "அழகேசன்தானே?" என்றார். ஆமாம் என்றோம். "சின்ன வயசுல பார்த்தது. தலையில அந்த வடிதட்டு அப்படியே இருக்கு பாரு," என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார், ஏற்கெனவே நேரமாகியிருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு டிவி சானலில் தமிழ் பேசவைத்துப் போட்ட ஜப்பான் கார்ட்டூன் அது. ஜப்பானில் அவனுக்கு என்ன பேர் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பூசணிக்காய்த் தலை, கட்டைக் கால், நீல உடுப்புக்கு மேலே சிவப்பு ஜட்டி, தலையில் அரிசி களையும் வடிதட்டைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி. விழுகிற கிரகத்தையே ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்துவான். ஆனால் யாராவது அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டால் போதும், சுருங்கிச் சுருங்கிக் கட்டைவிரல் அளவுக்கு வந்து சாக்கடைக்குள் விழுந்துவிடுவான். ஊரை எப்படிச் சிரிக்கவைத்து அவனைக் கவிழ்ப்பது என்று வில்லன் வாராவாரம் ஒரு திட்டம் போடுவான், நாங்களும் வாராவாரம் தரையில் புரண்டு சிரிப்போம். பிறகு ஒருநாள் அந்தச் சானல், கதையை முடிக்காமலே, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது.

எங்களுக்கெல்லாம் தொப்பை போட்டுத் தலை நரைத்துவிட்டது, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வரைந்தபடியே இருந்தான். உடம்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு, உள்ளே அடித்த சாயம் போல ஒரே நிறம், நிழல் கிடையாது, பக்கவாட்டில் பார்த்தால் அப்பளத்தின் ஓரம் போல ஒரு கோடுதான் தெரியும். வாய் மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் வரவில்லை.

இவ்வளவு பெரிய பட்டணத்தில் எத்தனையோ வீடு இடிகிறது, எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் வந்தான் என்பதைப் பற்றி நாங்கள் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது மாடியில் கமலவேணி அக்கா இருந்தாள். அழகேசனுக்குத் தமிழில் குரல் கொடுத்தது அவள்தான், பையன் குரலைப் பெண்கள் பேசுவதுதான் அந்தத் தொழிலில் வழக்கம். ஒவ்வொரு கதையின் முடிவிலும் அவன் எக்கி நின்று இரண்டு கையையும் மேலே தூக்கி வெறுமனே வாயை ஆட்டுவானாம், அதற்கு வசனம் எழுதவேண்டியவர் எழுத மறந்துவிட்டாராம், வாய் அசையும்போது பேச்சு இல்லாவிட்டால் சானல்காரன் சத்தம்போடுவான் என்று அவளாகவே ஒன்றை இட்டு நிரப்பினாளாம். "கூப்பிட்டாலும் வருவேன், கூப்பிடாட்டியும் வருவேன்." ஆக, அவன் அந்த வாக்கைக் கொடுத்தது தமிழில் பார்த்தவர்களுக்கு மட்டும்தான். வந்துவிட்டான். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவின் குரல் கரகரத்துப்போய், வீட்டில்கூட அவள் கையசைத்தே வேலையை முடித்துக்கொள்வாள்.

செயலாளர் வைத்திலிங்கம், அதாவது எங்கள் பிளாட்ஸ் சங்கத்தை அவராகவே ஆரம்பித்து அவராகவே செயலாளர் ஆனவர், ஒரு என்ஜினியரைக் கூட்டிவந்தார். என்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்து, அழகேசனின் முழங்காலையும் தட்டிப் பார்த்து, எல்லோரும் காலிசெய்தால்தான் இரும்புத் தூண் கொடுத்துச் சரிசெய்ய முடியும், மாசக்கணக்கில் ஆகும் என்றார். "அதான் நிக்குதே சார்," என்றார் செயலாளர். என்ஜினியர் மறுபடி ஒருமுறை அழகேசனைப் பார்த்தார். "நிக்குது," என்று ஒப்புக்கொண்டு போனார். யாரும் காலிசெய்யவில்லை. மழைக்காலத்தில் மூட்டை முடிச்சோடு எங்கே போவது என்பதுதான் எல்லோர் பேச்சும்.

அதற்குப் பதிலாக நாங்கள் சிரிப்பதை நிறுத்தினோம்.

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும், இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காமெடி சானல் எல்லாவற்றையும் வெட்டினோம், வரும் விருந்தாளியைக் கேட்டிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொல்லி முகத்தைச் சரிசெய்து உள்ளே அனுப்பினோம். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு தெருமுனை டீக்கடைக்கு ஓடி, அங்கே நின்று வயிறு வலிக்கச் சிரித்து, மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள். முகத்தை இறுக்கி இறுக்கிப் பழகியதில் புருஷன் பெண்டாட்டிக்குள் சின்னச் சண்டைகூடப் பெரிசாகியது, சமாதானம் ஆவதற்கு ஒரு சிரிப்பு தேவைப்படுகிறது இல்லையா, அது இல்லை. கூடவே அவனை வீட்டுச் சாமானாகவும் ஆக்கிக்கொண்டோம். அவன் முழங்கையிலிருந்து மீட்டர் பெட்டிவரை கொடி கட்டித் துணி காயப்போட்டோம். பால்காரர் பாக்கெட் பையை அவன் இடுப்பில் மாட்டிவிட்டுப் போனார். யாரோ வடிதட்டுக்கு விபூதி பூசினார்கள். அவன் நேராகப் பார்த்தபடி வாயை அசைத்துக்கொண்டே இருந்தான். மின்விசிறி ஓடுவதை யார் கவனிப்பார்கள், அப்படித்தான் அதையும் விட்டுவிட்டோம்.

மூன்றாவது மாடியில் நானும் என் மனைவி சுபாஷிணியும், எங்கள் பாப்பாவும் இருந்தோம். பாப்பா இன்றைக்கோ நாளைக்கோ சத்தமாகச் சிரிக்கப்போகிற பருவம்.

செயலாளர் படியேறி வந்தார். "தம்பி பரணி, பாப்பா இன்னும் சிரிக்கல இல்ல?"

"இல்ல சார்."

"குப்புறக் கவுந்துடுச்சுன்னு சொன்னாங்க. அடுத்தது அதான்." தொட்டிலைப் பார்த்தார், பாம்புப் பெட்டியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கொஞ்ச நாளைக்கு அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுடுங்களேன்."

"எங்க அம்மா வீட்டுல எனக்குக் கருமாதியே பண்ணிட்டாங்க சார்," என்றாள் சுபாஷிணி. "இவங்க வீட்டுல என்னை வாசப்படி ஏறவிட மாட்டாங்க. எங்க போகச் சொல்றீங்க?"

அவர் படிப்பக்கம் திரும்பினார். "பார்த்துக்கோங்க. எல்லார் உயிரும் இருக்கு," என்று இறங்கிப் போனார். அதற்குப்பிறகு எங்கள் வீட்டில் யாரும் பிள்ளையைக் கொஞ்சவில்லை. பொக்கை வாயைத் திறந்து அது எங்களைப் பார்க்கும்போது நாங்கள் சுவரைப் பார்த்தோம். கீழே போகிறபோதெல்லாம் சுபாஷிணி அதன் தலையில் துண்டைப் போட்டு மூடி, அழகேசனைத் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெற்ற பிள்ளை சிரித்துவிடக்கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம், அந்தக் கேவலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மழை விடவில்லை. எங்கள் வாசல் கதவு அழுத்தினால்தான் திறக்கும் என்று ஆனது. மரம் ஈரத்தில் ஊதியிருக்கும் என்று இழைப்புளி வைத்து மேல்விளிம்பைச் சீவினேன். அடுத்த வாரமே மறுபடி பிடித்தது. மறுபடி சீவினேன்.

தப்பித்தவறி யாராவது சிரித்துவிட்டால் அவனுக்கு எப்படித் திரும்பப் பலம் வரும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளச் செயலாளர் ஒரு யோசனை செய்தார். அந்தக் காலத்தில் யாரோ வீடியோ கேசட்டில் பிடித்துவைத்த பழைய கதைகளை இப்போது யூடியூபில் ஏற்றியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து, வாயில் ஆளுக்கொரு துண்டைக் கடித்துக்கொண்டு பார்த்தோம். எத்தனையோ வருஷம் கழித்துப் பார்த்தால் அது ரொம்பச் சுமார். ஒரே மரமும் ஒரே வீடும் திரும்பத் திரும்ப ஓடியது. பறக்கிறான் என்று நாங்கள் வாயைப் பிளந்து பார்த்த இடத்தில் படம் அப்படியே நிற்க, பின்னால் கோடுகள்தான் நகர்ந்தன. ஆனாலும் வில்லன் ஊர் முழுக்கக் கிச்சுகிச்சுப் புகையை விட்டபோது எங்கள் எல்லோருக்கும் தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, துண்டை இன்னும் உள்ளே திணித்துக்கொண்டோம். கீழே உத்தரம் முனகியது போலக் கேட்டதும் அத்தனை பேரும் கல்லானோம்.

கமலவேணி அக்கா மட்டும் துண்டைக் கடிக்கவில்லை. எழுந்துபோய் டிவியின் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாள்.

சத்தமில்லாமல் பார்த்தோம். அழகேசன் ஒரு மலையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறான். நிற்கிறான். உதட்டைக் கடிக்கிறான். கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னவனாகிறான். தொப்பி நழுவி மூக்கில் விழுகிறது. அதற்குப் பிறகுதான் ஜனங்கள் வாயைத் திறந்து சிரிக்கிறார்கள்.

"பார்த்தீங்களா," என்றாள் அக்கா, கரகரவென்று. "அவன் சுருங்கினப்புறம்தான் சிரிக்கறாங்க."

"அது எப்படிம்மா? சிரிப்புச் சத்தம் முன்னாடி கேட்டுச்சே," என்றார் செயலாளர்.

"நாங்க அப்படி வெச்சோம் சார். கும்பல் சிரிப்பு எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆளுங்களைக் கூப்பிட்டு மொத்தமா எடுத்துடுவோம். அப்புறம் எங்கெங்க வேணுமோ ஒட்டிக்கறது. அவன் உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கற எடத்துல பேச்சே இல்ல. சும்மா விட்டா டிவி கெட்டுப்போச்சுன்னு சானல மாத்திடுவாங்கன்னு சொன்னாங்க. சிரிப்ப முன்னாடி இழுத்துப் போட்டு ரொப்பிட்டோம்." மூச்சு வாங்கினாள். "நானும் துண்டு துண்டாத்தான் பார்த்துப் பேசினேன். முழுசா இன்னிக்குத்தான் பார்க்கறேன். சிரிக்கறதால அவனுக்கு ஒண்ணும் ஆகாது. சுமக்கறதாலதான் ஆகுது."

கூடத்தில் எல்லோரும் வாயிலிருந்து துண்டை எடுத்தோம். பிறகு செயலாளர், "ஏம்மா, நாங்க எல்லாம் தமிழ்லதானே பார்த்தோம், அவனும் அந்த வாக்குக்காகத்தானே வந்தான், அப்ப தமிழ்ல உள்ளபடிதான் நடக்கும்," என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் கொஞ்சம் பட்டது, ஏன் பொய் சொல்லவேண்டும். சிரிக்காமல் இருப்பது கஷ்டம்தான் என்றாலும் வீட்டைக் காலிசெய்வதைவிடச் சுலபம்.

அந்த வாரமே அது நடந்தது. தடுப்பூசி போட்டுவிட்டு சுபாஷிணி பாப்பாவோடு திரும்பும்போது, நான் குடையை மடக்கிக்கொண்டிருந்தேன், காற்றில் துண்டு விலகியது. பாப்பா அழகேசனைப் பார்த்தது. திறந்து மூடித் திறந்து மூடி அசைகிற அந்த வாயைப் பார்த்தது. பிறகு சிரித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, குலுங்கி, சத்தமாகச் சிரித்தது. சுபாஷிணி அப்படியே உள்ளங்கையால் அதன் வாயைப் பொத்தினாள்.

ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. கையில் கரண்டியோடு, ஈரத் தலையோடு எல்லோரும் வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் விழவில்லை. அழகேசன் அப்படியே நின்றான். செயலாளர்தான் முதலில் சிரித்தார், ஒரு மாதிரி இருமல் போலச் சிரித்துப் பார்த்தார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் சந்திரோதயம் பிளாட்ஸே அணை உடைந்த மாதிரி சிரித்தது, கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தது, மழையிலும் தெருக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"பார்த்தீங்களா, சிரிச்சாக்கூட அவனுக்கு ஒண்ணும் ஆகல," என்றார் செயலாளர். "இனிமே என்ன பயம்?"

கமலவேணி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். தான் சொன்னதில் பாதி நிஜம் என்று நிரூபணம் ஆகி, அதனாலேயே மீதிப் பாதியை யாரும் கேட்காமல் போகிற கொடுமையை அன்றைக்குத்தான் பார்த்தேன். மொட்டைமாடியில் புதிதாகப் பெரிய தண்ணீர்த் தொட்டி வைப்பது என்று முடிவாகி, கிரேன் வந்து தூக்கி வைத்தது. கிரகத்தைத் தாங்கியவனுக்குத் தண்ணீர்த் தொட்டி எம்மாத்திரம் என்றார்கள். எங்கள் வீட்டில் இப்போது கொஞ்சினோம், மூஞ்சியைக் கோணிக் காட்டினோம், வயிற்றில் வாயை வைத்து ஊதினோம். பாப்பா சிரிக்கவில்லை. சிரிப்பு வருகிற இடத்தில் அம்மாவின் கையைப் பார்த்தது. சுபாஷிணி சமையலறைக்குள் போய் அழுதாள்.

தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிற அன்று காலையில் அக்கா என்னைக் கீழே கூப்பிட்டுக் கொடியைக் காட்டினாள். இழுத்துக் கட்டிய கொடி தொய்ந்து, அவள் புடவை முந்தானை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. "கயிறு நீண்டிருக்கும்கா," என்றேன். அவள் அழகேசனின் முழங்கையைக் காட்டினாள். கட்டிய அன்றைக்கு அது என் கண்ணுக்கு நேராக இருந்தது. இப்போது என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. நான் சீவிச் சீவிக் கதவைக் குறைத்தது நினைவுக்கு வந்தது.

"என்னக்கா சொல்றான் இவன்? இத்தனை நாளா?"

"எனக்கு எப்பவுமே தெரியாது பரணி. வாய் எவ்வளவு நேரம் திறந்திருக்கு, எப்ப மூடுதுன்னுதான் தெரியும். உள்ள என்னன்னு தெரியாது." மேலே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அக்கா தொண்டையைத் தடவிக்கொண்டு, நீளமாக மூச்சை இழுத்து, அவனுக்குப் பின்னால் போய் மறைந்து நின்றாள். பலகை போல அவன் மறைத்து நின்றதால் அவள் வெளியே தெரியவில்லை. அவன் வாய் மூடித் திறக்கிற நேரத்துக்குக் காத்திருந்து பேசினாள்.

"எனக்குக் கை வலிக்குது."

அதே குரல். ஆபரேஷன் செய்த தொண்டையிலிருந்து எப்படி வந்ததோ, பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து நாங்கள் கேட்ட அதே பையன் குரல், அவன் வாய் அசைவில் பிசகாமல் உட்கார்ந்தது. அந்தக் கார்ட்டூனில் எந்தக் கதையிலும் அவன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாடிகளில் பேச்சு நின்றது.

"ரொம்ப நாளா வலிக்குது. இறங்கிடுங்க எல்லாரும்."

இறங்கினார்கள். அக்கா சொல்லி இறங்காதவர்கள், என்ஜினியர் சொல்லி இறங்காதவர்கள், டிவி முன்னால் தட்டோடு உட்கார்ந்து அவனைப் பார்த்து வளர்ந்த அத்தனை பேரும், அடுப்பை அணைத்துவிட்டு, கேட்ட பிள்ளைகளாக வரிசையில் இறங்கி மழைக்குள் போனார்கள். செயலாளர் அவனைத் தாண்டும்போது கையைக் கூப்பினார். அவர் கண் கலங்கியிருந்தது.

சுபாஷிணி மட்டும் வரவில்லை.

மூன்று மாடியும் ஓடினேன். அவள் உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். "திறக்க மாட்டேங்குதுங்க," என்றாள். நான் தோளால் இடித்தேன், உதைத்தேன். நிலை மொத்தமும் கதவின் மேல் உட்கார்ந்திருந்தது. மேலே தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. சுவரில் ஒரு விரிசல் என் கண்முன்னால் நடந்து போனது. "அக்கா," என்று மாடிப்படிச் சந்தில் தலையை நீட்டிக் கத்தினேன், "கதவு திறக்கல. பாப்பா உள்ள இருக்கு."

அப்புறம் அந்தக் குரல் வந்தது, இந்த முறை அவன் வாய்க்குக் காத்திருக்காமல், முழுத் தொண்டையோடு வந்தது.

"கூப்பிட்டாலும் வருவேன், கூப்பிடாட்டியும் வருவேன்."

அதுவரை அவன் வாய்க்குப் பின்னால்தான் அவள் குரல் போனது. அப்போது அவள் குரலுக்குப் பின்னால் அவன் வாய் போனதாம், வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள். அந்த வசனத்தைக் கேட்டதும், ஒவ்வொரு கதை முடிவிலும் நின்றது போல, அவன் எக்கி நுனிக்காலில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினானாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். என் காலடியில் தரை ஒரு நூல் உயர்ந்தது, நிலை கதவை விட்டது, நான் சீவிய கதவு தானாகத் திறந்துகொண்டது.

பாப்பாவை வாங்கி, சுபாஷிணியின் கையைப் பிடித்துக்கொண்டு, படியா காற்றா என்று தெரியாமல் இறங்கி, கீழே அக்காவையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தோம். திரும்பிப் பார்த்தால் அவன் எங்கள் இடுப்பளவுக்கு வந்திருந்தான். பிறகு முழங்காலளவு. அவனோடு கூடவே மூன்று மாடியும் அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. வடிதட்டு நழுவி மூக்கில் விழுந்தது. கார்ட்டூனில் ஊர் சிரிக்கிற இடம் அது. நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் கடைசி ஆளும் வெளியே வந்துவிட்டதை எட்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான்.

புழுதி மழையில் அடங்கியபோது, ஈரத் தெருவில், என் செருப்புக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவுக்கு நின்றுகொண்டிருந்தான். வாய் அசைந்துகொண்டிருந்தது. எல்லோரும் கமலவேணி அக்காவைப் பார்த்தோம். அவள் தொண்டையைப் பிடித்தபடி அவன் உதட்டையே கவனித்து, அது மூடும்வரை இருந்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். அவளுக்கு இனிமேல் பேச்சு வராது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தக் கடைசி அசைவை அவள் நிரப்பியிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

பாப்பா என் தோளிலிருந்து குனிந்து அவனைப் பார்த்தது. மூக்கில் விழுந்த வடிதட்டை அவன் குட்டிக் கையால் நிமிர்த்திவிட்டுக்கொண்டான். அது சிரித்தது, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தது. சுபாஷிணியின் கை, இத்தனை நாள் பழக்கத்தில், அதன் வாயை நோக்கி எழுந்தது. பாதி வழியில் நின்றது. பிறகு இறங்கி என் முதுகில் விழுந்து அங்கேயே இருந்தது.